டாலர் விழும் என்று நான் பேசிய இரண்டு நிமிடம்

அன்று என் கைபேசி அதிராமல் இருந்திருந்தால், சொல்ல நினைத்த கடைசி வாக்கியத்தையும் நான் சொல்லி முடித்திருந்தால், சவுதியில் இருந்த ஏழுமலை அண்ணன் அந்த ஆனி மாதம் விடுப்பில் ஊருக்கு வந்திருப்பாரா? ஏழெட்டு மாதமாக இதையே யோசிக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போதும் குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் யோசிக்கிறேன். 

நம் வில்லியனூர் பணப் பரிமாற்றக் கடையின் கவுண்ட்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி மேலாளர் கேட்டார். ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்காக நின்றுவிட்டவள் நான். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள வயதும் இல்லை, தகுதியும் இல்லை. படிவத்தை எப்படி நிரப்புவது, எந்த அடையாள அட்டை செல்லும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே வந்துவிடும். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அதையும் சரியாக எழுதுவேனா, தெரியவில்லை.

நம் கடை வாசலில் உள்ள வெள்ளைப் பலகையை இப்போது நீங்கள்தான் காலையில் எழுதுகிறீர்கள். ரியால், திர்ஹாம், தினார் என்று வரிசையாக அன்றைய விலை. பத்து மணிக்குள் நாலைந்து பெண்களாவது அதைப் போட்டோ எடுத்து வளைகுடாவில் இருக்கும் கணவருக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அங்கே எந்த விலையில் அனுப்புகிறாரோ அதுதான் கணக்கு. ஆனாலும் நம் கையெழுத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு இன்றைக்கு அனுப்பலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று ஒரு மனிதர் முடிவு செய்கிறார். நான் இதை முதல் மூன்று வருடம் யோசித்ததே இல்லை. எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

பக்கத்து கவுண்ட்டரில் ஓர் அக்கா இருந்தார். நான் சேர்ந்தபோதே பல வருட அனுபவம். வாடிக்கையாளர்களிடம் சிரிக்க மாட்டார். முதல் வாரமே என்னிடம் சொன்னார்: "ரேட்டு கேட்டா ரேட்ட சொல்லு. நாளைக்கி இன்னாவும்னு கேட்டா, நாளைக்கி வாங்கன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

எனக்கு அது திமிராகப் பட்டது. நான் எம்.காம். படித்தவள். மூலக்குளத்திலிருந்து வரும்போது பேருந்திலேயே செய்திகளைப் படித்துவிடுவேன். இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஒருமுறை மடுகரையிலிருந்து வரும் கரும்பு விவசாயி ஒருவர், மகன் அனுப்பும் பணத்துக்கு ஒரு வாரம் பொறுக்கலாமா என்று கேட்டார். அன்று படித்ததை வைத்து, பொறுக்க வேண்டாம் என்றேன். மறுநாளே விலை இறங்கியது. அடுத்த முறை அவர் ஒரு கட்டுக் கரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்ட்டர் மேல் வைத்தார். கடை முழுக்கச் சிரிப்பு.

அக்கா மட்டும் கரும்பை ஒரு பார்வை பார்த்தார். "சர்தான், குட்த்துட்டாரு. நீ சொன்னது தப்பாப் போயிருந்தா இதே கரும்ப எங்க வச்சிருப்பாரு தெரியுமா? முதுவுல."

நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் இது ஒன்று. நம் கணிப்பு ஒருமுறை பலித்துவிட்டால் அடுத்த கேள்விக்கு நம் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

போன வருடம் பங்குனியில் ஒரு வீடியோ எல்லார் கைபேசியிலும் சுற்றியது. உலக நாடுகள் இனி எண்ணெயை டாலரில் வாங்கப் போவதில்லை, ரூபாயிலும் சீனப் பணத்திலும் திர்ஹாமிலும் வாங்கப் போகின்றன, டாலரின் கதை முடிந்தது என்று மேளச் சத்தத்தோடு ஒருவர் கத்துவார். அந்த வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் "இன்னிய ரேட்டு போர்டுல கீது பாருங்க" என்றார். நான் விளக்கினேன்.

காட்டேரிக்குப்பத்து மல்லிகா அக்கா வந்தது அந்த வாரத்தில்தான். அவர் கணவர் ஏழுமலை சவுதியில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். இரண்டு பிள்ளைகள், மேல்தளம் போட்டுப் பூசாமல் கிடக்கும் ஒரு வீடு. மல்லிகா அக்கா மாதம் ஒருமுறை கடைக்கு வருவார். பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, "நீ எண்ணினா போதும் மேடம்" என்பார்.

"மேடம், டாலரு காலியாமே? அப்ப ரியாலு இன்னாவும்?"

"உடனே ஒண்ணும் ஆகாதுக்கா."

"அவரு என் உயிர வாங்கறாரு மேடம். ஆனில லீவுல வரணும். ரெண்டு வருசம் ஆச்சு. கம்பெனில லீவுக்குப் போறியா, லீவ வித்துட்டு வேல செய்றியான்னு கேக்கறாங்களாம். இந்த வீடியோவ பாத்துட்டு, இன்னாடி பண்றதுன்னு என்ன கேக்கறாரு. நா எட்டாவது. எனுக்கு இன்னா தெரியும்? நீயே சொல்லேன் அவராண்ட."

சொல்லிக்கொண்டே கைபேசியை என் வாயருகே நீட்டி, குரல் பதிவாகும் ஒலிக்குறியை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று காலை என் மகளுக்கு உடம்பு கொதித்தது. ஒன்றரை வயது. மருந்து கொடுத்து அத்தையிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மனம் அங்கேயே இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேனோ என்றும் தெரியவில்லை.

நான் பேசினேன். "அண்ணா வணக்கம். ஊர்ல ஒரு கடையோட டோக்கன் இருந்தாதான் அரிசி கிடைக்கும்னு வச்சிக்குங்க. எல்லாரும் அந்த டோக்கனை வாங்கி வீட்ல வச்சிருப்பாங்க. அதனால டோக்கனுக்கு மதிப்பு. டாலர் அப்படித்தான். எண்ணெய் வாங்க டாலர் வேணும்னு எல்லா நாடும் அதைச் சேர்த்து வச்சிருக்கு. இப்ப சில நாடு, அவங்க பணத்துலயே எண்ணெய் வாங்க ஆரம்பிச்சிருக்கு. டோக்கன் இல்லாமலே அரிசி கிடைச்சா டோக்கனை யார் வச்சிருப்பாங்க? அதனால டாலர் மதிப்பு குறையும். உங்க ரியாலை டாலரோட சேர்த்துக் கட்டியிருக்காங்க. அது இறங்கினா இதுவும் கூடவே இறங்கும்..."

அப்போது மேசை மேல் இருந்த என் கைபேசி அதிர்ந்தது. அத்தையின் பெயர். நான் விரலை எடுத்துவிட்டேன். மல்லிகா அக்காவின் கைபேசியிலிருந்து செய்தி போய்விட்டது. அத்தை, குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதைச் சொல்லத்தான் அழைத்திருந்தார்.

நான் சொல்ல நினைத்திருந்த கடைசி வாக்கியம் இது: "ஆனா இதெல்லாம் நடக்கப் பல வருஷம் ஆகலாம், நடக்காமலும் போகலாம், இதை வச்சு லீவை முடிவு பண்ணாதீங்க." அது என் நாக்கு நுனியில் இருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். மல்லிகா அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். நான்கு எட்டு தூரம்தான். அடுத்த மாதம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அவரே சிரித்துக்கொண்டு வந்தார். "லீவ வித்துட்டாரு மேடம்! ரியாலு வுழறதுக்குள்ள முடிஞ்சத அனுப்பிடறேன், வூட்ட பூசிடலாம்ன்றாரு. ஓவர்டைம் வேற. நீ பேசினத ரூம்ல எல்லாரும் கேட்டாங்களாம். உனுக்கு அங்க பேரே டாலரு மேடமாம்."

இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் நேர்மையாக இருக்க வேண்டும். அன்று எனக்கு நேரம் இருந்தது. வரிசை இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. "அண்ணனை லீவுக்கு வரச் சொல்லுங்க, நான் சொன்னது பாதிதான்" என்று சொல்லியிருக்கலாம். சவுதியில் ஒரு முழு அறை என் பேச்சைக் கேட்டிருக்கிறது என்பதில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அதோடு, நான் சொன்னது தவறும் இல்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். இன்றும் எந்தப் பொருளாதார ஆசிரியரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார். அண்ணன் கேட்டது ஆனி மாதத்தைப் பற்றி. நான் சொன்னது அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்தில் நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றி.

இன்னொன்றையும் நான் விட்டிருந்தேன். டாலரின் பலம் குறைவது வேறு, நம் ரூபாய்க்கு எதிராக அது இறங்குவது வேறு. டாலர் தளர்ந்தாலும் ரூபாய் அதைவிடத் தளர்ந்தால் பலகையில் ரியால் ஏறத்தான் செய்யும். அப்படித்தான் ஏறியது. வைகாசியில் ஏறியது, ஆனியில் இன்னும் கொஞ்சம். என் கையாலேயே தினமும் காலையில் எழுதினேன்.

"வுழும்னு சொன்ன, ஏறிக்கினே போவுது?" என்றார் மல்லிகா அக்கா, கேலியாக. "அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? அணையறதுக்கு முன்ன வெளக்கு இப்டித்தான் எரியுமாம். இத்தோட வுழுந்துடுமாம். ஆடி, ஆவணியும் நின்னு பாத்துடறேன்றாரு."

நான், "மெதுவாத்தான்க்கா ஆகும்" என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்ததா தெரியாது.

ஆடி மாதம் மடுகரை கரும்புக்காரர் வந்தார். கைபேசியை எடுத்து, "மேடம், இது நீங்கதான? என் புள்ள அனுப்புனான். அவன் தங்கியிருந்த கேம்ப்ல எல்லார்கிட்டயும் இருக்குதாம்" என்று ஒலியைக் கூட்டி வைத்தார். என் குரல் கடையில் ஒலித்தது. டோக்கன், அரிசி, டாலர், ரியால். அவ்வளவு நிச்சயமான குரலில் நான் வீட்டில்கூடப் பேசியதில்லை. முடிவில் என் கைபேசி மேசையில் அதிரும் ஓசையும் பதிவாகியிருந்தது. அக்கா தன் கவுண்ட்டரில் எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நோட்டுகளை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். 

"உங்க பையன் என்ன முடிவு பண்ணாரு?" என்று கேட்டேன்.

"அவன் கிடக்குறான். பொண்டாட்டி வாடான்னா, வந்துட்டான். இப்ப வூட்லதான் தூங்கிக்கினு கீறான்."

அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை விவரிக்க முடியாது. ஒருவராவது கேட்கவில்லை.

ஆவணியில் மல்லிகா அக்கா வரவில்லை. புரட்டாசியிலும் வரவில்லை. ஐப்பசியில், நான் வேலையை விடுவதற்குச் சில நாட்கள் முன்பு வந்தார். பலகையைப் பார்க்கவில்லை. வரிசையிலும் நிற்கவில்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போனேன்.

"வந்துட்டாரு" என்றார். "ஆவணில வேல செய்ற எடத்துல மயங்கி வுழுந்துட்டாராம். ஆஸ்பத்திரில பாத்தா கிட்னி ரெண்டும் போச்சுன்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தபா பாண்டிக்கு இட்டுனு போயி ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல போடறோம்."

அங்கே கோடையில் மதியம் மூன்று மணி நேரம் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற நேரத்தில் வெயில் குளிர்ந்துவிடுகிறதா என்ன? சாரத்தின் உச்சியிலிருந்து கழிவறைக்கு இறங்கி ஏறினால் நேரம் போகிறது, மேஸ்திரி கத்துகிறார் என்று அண்ணன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருக்கிறார். மூட்டு வலிக்குத் தினமும் மாத்திரை. இங்குள்ள மருத்துவர், இது பல வருடமாகச் சேர்ந்து வந்திருக்கலாம், அந்தக் கடைசி வெயில் காலம் தள்ளிவிட்டிருக்கலாம் என்றாராம். இருக்கலாம், இருக்கலாம். அந்த மருத்துவரைப் போல நானும் இரண்டு முறை "லாம்" போட்டுப் பேசியிருந்தால் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன்.

மல்லிகா அக்கா என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

தையில் எனக்கு மகன் பிறந்தான். போன ஞாயிற்றுக்கிழமைதான், அவனுக்கு நாலு மாதம் முடிந்ததும், அத்தையிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் காட்டேரிக்குப்பம் போனேன். இத்தனை நாள் போகாததற்குக் குழந்தையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு பூசாமல்தான் இருந்தது. ஏழுமலை அண்ணனை முதல்முறையாகப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. நான் யாரென்று மல்லிகா அக்கா சொன்னதும் சிரித்தார்.

"ஓ, நீதான் டாலரு மேடமா? கொரல கேட்டு பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா, சின்னப் பொண்ணா கீற?"

அவர் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான் அவர் குடிக்கலாம். பேசும்போது பார்வை அடிக்கடி அதன் மேல் போய்வந்தது.

நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அன்று பேச்சு பாதியில் நின்றதை, போன் வந்ததை, அதற்குப் பிறகும் சொல்லாமல் விட்டதை.

"இன்னா சொல்ல இருந்த?"

"இதெல்லாம் நடக்கப் பல வருஷம் ஆகலாம், நடக்காமலும் போகலாம், இதை வச்சு லீவை முடிவு பண்ணாதீங்கன்னு."

அவர் கூரையைப் பார்த்தார். பூசாத கூரையில் சென்ட்ரிங் பலகைகளின் தடம் அப்படியே இருந்தது.

"அத்த மொதல்ல இல்ல சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "ஆனா சொல்லியிருந்தாலும்... நா வந்திருப்பனா? வூடு பூசணும்னு மண்டைல ஏறிப் போச்சு. தெரியல யம்மா. நெஜமா தெரியல."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே தெரியவில்லையா என்று அவர் முகத்தில் தேடினேன். அவர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்து, கோட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

புதியவர்களே, ஆறு வருடத்தில் நான் கற்றதை ஒரே வரியில் கேட்டால் அண்ணன் சொன்னதுதான். தெரியாததை முதலில் சொல்லுங்கள். தெரிந்ததை அப்புறம் சொல்லலாம், யாராவது குறுக்கிட்டு நின்றுபோனாலும் பரவாயில்லை. எண்ணெயை எந்தப் பணத்தில் வாங்குகிறார்கள் என்பது மாறிக்கொண்டுதான் இருக்கிறது, அது டாலரை மெல்ல அரிக்கவும் செய்யலாம். ஆனால் எப்போது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நம் எதிரில் நிற்பவருக்கு அந்த "எப்போது" மட்டும்தான் வேண்டும். அக்காவைப் போல வாயை மூடிக்கொள்வதுதான் சரியா? அப்படியும் எனக்குச் சொல்ல வரவில்லை. நாம் சொல்லாவிட்டால் மேளச் சத்தத்தோடு கத்துகிறவர் சொல்லிவிடுவாரே.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். முடியவில்லை. என்னைப் பஸ் ஏற்ற மல்லிகா அக்கா கூடவே நடந்து வந்தார். நிறுத்தத்தில் நின்றபோது, வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நா போவப்போறேன் மேடம். துபாய்ல வூட்டு வேல. ஏஜெண்டு இந்த புதன வுட்டு அடுத்த புதங்கெழம பாஸ்போர்ட்ட குடுன்றான். ரெண்டு வருசம். அவருக்கு இன்னும் தெரியாது."

"பிள்ளைங்க? அண்ணனை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

"பெரியவ பிளஸ் ஒன்னு. அவ இட்டுனு போவா. வேற இன்னா பண்றது? மருந்துக்கு மாசம் இன்னா ஆவுதுன்னு உனுக்குத் தெரியாது." கொஞ்சம் தயங்கினார். "அந்த திர்ஹாமும் டாலரோடதான் கட்டியிருக்காமே? நா போயி ரெண்டு வருசத்துல அது வுழுந்துட்டா? புருசனயும் புள்ளைங்களயும் வுட்டுட்டுப் போயி அதுவும் இல்லன்னா? போவட்டுமா, வாணாமா? நீ படிச்சவ. அவருக்குப் பேசி அனுப்பின இல்ல, அந்த மாதிரி எனுக்கும் ஒண்ணு பேசி அனுப்பேன். வூட்ல போயி நிதானமா கேட்டுக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "மேடம், மறந்துட்டியா?" அவ்வளவுதான். பின்னால் ஏழுமலை அண்ணன் இருமுவது கேட்கிறது.

இரண்டு நாட்களாக ஒலிக்குறியை அழுத்துகிறேன், விடுகிறேன். திர்ஹாம் விழுமா என்றால் இரண்டு வருடத்தில் விழாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்னால், போ என்று சொன்னதாகிவிடும். தெரியாது என்று சொன்னால் ஏஜெண்டு தெரியும் என்பான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மருந்துக்கு நான் கொடுக்கப் போகிறேனா? அவர் கேட்பது திர்ஹாமைப் பற்றித்தானா என்பதும் எனக்குச் சந்தேகம்.

மேலாளர் இதை இன்று நம் பணியாளர் குழுவில் போடுவதாகச் சொன்னார். நீங்கள் இருவர் மட்டுமல்ல, மற்றக் கிளைகளில் இருப்பவர்களும், முடிந்தால் பக்கத்து கவுண்ட்டர் அக்காவும் படியுங்கள். அடுத்த புதன்கிழமைக்கு இன்னும் இருக்கும் நாட்களில் யாராவது எனக்கு எழுதுங்கள். முழுவதும் வேண்டாம். மல்லிகா அக்காவிடம் நான் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள்.